எனக்குப் பிடித்த குரல்



ஜெர்மனியின் ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் 1948-இல், 84 வயதில், ஆர்கெஸ்ட்ராவுடன் பாட ‘கடைசி நான்கு பாடல்கள்’ எழுதி முடித்தார். அவற்றை மேடையில் கேட்காமலே 1949-இல் இறந்தார். அதில் ‘அந்திச் செம்மை’ பாட்டில், சேர்ந்தே நடந்து களைத்த இருவர், சாவு வந்துவிட்டதோ என்று நினைக்கிறார்கள்.

அக்கா போனில் ரெண்டு பேர் பாடியதைக் கேட்டேன். 1982-இல் ஜெஸ்ஸி நார்மன் பாடியது ஏறக்குறைய 10 நிமிஷம். ரொம்பப் பெரிய குரல். 1953-இல் லிசா டெலா காசா பாடியது அதைவிட வேகம், எளிமை.

அக்காவுக்கு நார்மன்தான். எனக்கு டெலா காசா. ஏன்னா, எங்க ஆயாவும் போன வருஷம் கீரை ஆஞ்சுகிட்டே, பேச்சோட பேச்சா, தாத்தாகிட்ட சாவைப் பத்திச் சொன்னாங்க. அழவே இல்லை. இந்தக் குரலும் அப்படித்தான்.

ரெண்டையும் கேட்டுட்டு நீங்களும் சொல்லுங்க!

– ஒன்பதாம் வகுப்பு மாணவி