உங்க பாட்டு ஒண்ணு, என் பாட்டு ஒண்ணு

2024 செப்டம்பரில் ஒரு மத்தியானம் மகளிடமிருந்து புலனத்தில் ஒரு பாட்டு வந்தது. கூடவே ஒரு கேள்வி: "அப்பா, இது யார் குரல்னு சொல்லுங்க பாப்போம்." 'வேட்டையன்' படத்தின் 'மனசிலாயோ', அநிருத் இசை. கேட்ட மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. நம்ம வாசு, மலேசியா வாசுதேவன். பதிலைத் தட்டி அனுப்பிய பிறகுதான் உறைத்தது: மனிதர் 2011 பிப்ரவரியிலேயே போய்ச் சேர்ந்துவிட்டாரே!

செயற்கை நுண்ணறிவை வைத்து அவர் குரலைத் திரும்பக் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று அவள் விளக்கினாள். அதே பாட்டில் அவருடைய மகன் யுகேந்திரனும் பாடியிருக்கிறார். இறந்து 13 ஆண்டு கழித்து அப்பாவும் பிள்ளையும் ஒரே பாட்டில். அந்த ஆண்டில் இது ஒன்று மட்டுமல்ல. 'லால் சலாம்' படத்தில் ரகுமான், பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரலையும் இப்படிக் கொண்டுவந்திருந்தார். ஜனவரியில் மறைந்த அக்கா பவதாரிணியின் குரலை யுவன் 'கோட்' படத்தில் பாடவைத்திருந்தார்.

எனக்கு முழு மனதில்லை. குரல் அவருடையதுதான், மறுக்கவில்லை. ஆனால் வாசு வேறு. 'முரட்டுக்காளை'யில் ரஜினிக்குப் பாடும்போது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வரும் குரல், 'முதல் மரியாதை'யில் சிவாஜிக்கு வரும்போது தோளைத் தொங்கப்போட்டுக்கொள்ளும். யாருக்குப் பாடுகிறோம் என்று அந்தத் தொண்டைக்குத் தெரியும். கணினிக்கு அது தெரியுமா என்று கேட்டேன். "நீங்க விஷயம் தெரிஞ்சபிறகு குறை கண்டுபிடிக்கிறீங்க. முதல்ல உடனே வாசுன்னு சொன்னது யாரு?" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

எங்கள் வீடு செனாயில், விமான நிலையத்துக்குப் போகும் வழியில் ஒரு தாமானில். மகளுக்குச் சிங்கப்பூரில் வேலை, அங்கேயே அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள். வெள்ளி இரவு வருவாள். ஞாயிறு மாலை நான்தான் காரில் கொண்டுபோய் ஜொகூர் பாரு குடிநுழைவுக் கட்டடத்தில் இறக்கிவிடுவேன். ஸ்கூடாய் நெடுஞ்சாலையின் ஞாயிற்றுக்கிழமை நெரிசல் இந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்குச் சொன்னால் புரியாது. அந்த நெரிசலில் பிறந்ததுதான் எங்கள் ஒப்பந்தம்: உங்க பாட்டு ஒண்ணு, என் பாட்டு ஒண்ணு. பாதியில் மாற்றக் கூடாது. பிடிக்கவில்லை என்றாலும் கடைசிவரை கேட்க வேண்டும். மற்ற நாள்களில் புலனம்.

யோசித்துப் பார்த்தால் பாட்டை இப்படி எடுத்து நீட்டுவதே நம் குடும்பங்களுக்குப் புதுப் பழக்கம். நான் பிறந்தது கூலாய் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில், லயத்து வீட்டில். நடுச்சுவர் கூரை வரை எழும்பாத வீடுகள். ஒரு வீட்டில் வானொலி வைத்தால் அந்த வரிசை முழுக்கக் கேட்கும். மத்தியானம் பால்மரம் வெட்டிவிட்டு வந்தவர்கள் கையில் கோப்பிக் கோப்பையோடு ஐந்தடியில் உட்கார்ந்திருப்பார்கள். வானொலியில் நேயர் விருப்பம் ஓடும். பாட்டைவிடப் பெயர்ப் பட்டியல் நீளம். இந்தத் தோட்டத்திலிருந்து இன்னார் இன்னார், அந்தத் தோட்டத்திலிருந்து இன்னார் என்று வாசித்துக்கொண்டே போவார்கள். நம் தோட்டத்துப் பெயர் வந்துவிட்டால் யாராவது ஒருவர் அடுத்த வரிசைக்கு ஓடுவார், சொல்ல. அதற்குள் பாட்டு பாதி முடிந்திருக்கும்.

அங்கே யாரும் யாருக்கும் 'இதைக் கேளு' என்று சொன்னதில்லை. சொல்லாமலே காதில் விழும். என் அப்பாவுக்கு சி.எஸ். ஜெயராமன் என்றால் உயிர். எனக்கோ அந்த வயதில் அந்தக் குரல் கட்டோடு ஆகாது, மூக்கடைத்தவர் பாடுவதுபோல இருக்கிறதே என்று அம்மாவிடம் சொல்லி அடி வாங்கியிருக்கிறேன். ஆனாலும் 'பராசக்தி'யிலும் 'ரத்தக்கண்ணீ'ரிலும் அவர் பாடியதை இன்றைக்கும் நடுராத்திரியில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஒருமுறைகூட நானாக விரும்பிக் கேட்டதில்லை.

இதைப் பற்றி அமெரிக்காவில் ஓர் ஆய்வே நடந்திருக்கிறது. கார்னெல் பல்கலைக்கழகத்தின் உளவியல் பேராசிரியர் கேரல் கிரம்ஹான்சல், ஜஸ்டின் சுப்னிக் என்பவரோடு சேர்ந்து 2013இல் வெளியிட்டது. இருபது வயதை ஒட்டிய மாணவர்களை உட்காரவைத்து, 1955 முதல் 2009 வரை ஒவ்வோர் ஆண்டும் அங்கே உச்சத்தில் இருந்த பாட்டுகளிலிருந்து துண்டு துண்டாகப் போட்டுக்காட்டினார்கள். தங்கள் வயதுப் பாட்டு அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது, அதில் வியப்பில்லை. ஆனால் அவர்கள் பிறப்பதற்கு முன்னால், பெற்றோர் இளைஞர்களாக இருந்த எண்பதுகளின் தொடக்கத்துப் பாட்டுக்கும் நெஞ்சில் தனி இடம் இருந்தது. அறுபதுகளின் பாட்டுகளிலும் இன்னொரு மேடு தென்பட்டது. அது தாத்தா பாட்டி வீட்டிலிருந்து வந்திருக்கலாம் என்று ஊகித்தார்கள். கார்னெலுக்குப் போகாமலே எங்கள் லயத்தில் யாரைக் கேட்டிருந்தாலும் இதைச் சொல்லியிருப்பார்கள் என்பது வேறு விஷயம்.

இதெல்லாம் ஒரே வானொலி இருந்த வீட்டுக் கணக்கு. இப்போது என் வீட்டில் ஆளுக்கொரு கைப்பேசி, ஆளுக்கொரு காதொலிப்பான். மகள் படிவம் மூன்று படித்த வருடம் என்ன பாட்டுக் கேட்டாள் என்று எனக்குத் தெரியாது. அறைக் கதவு திறந்துதான் இருந்தது, காதுதான் அடைத்திருந்தது. அவளுக்கும் அந்த வருடங்களில் நான் என்ன கேட்டேன் என்று தெரிந்திருக்க வாய்ப்பில்லை. சுவர் தாண்டி வந்துகொண்டிருந்ததை இன்றைக்குக் கையால் எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது. இதில் நஷ்டம் என்று மட்டும் சொல்ல மாட்டேன். என் அப்பா சி.எஸ். ஜெயராமனைக் கேட்டது தனக்காக. நான் பக்கத்தில் இருந்தேன், அவ்வளவுதான். மகள் ஒரு பாட்டை அனுப்பும்போது அது என்னை நினைத்து அனுப்பியது. அந்த மரியாதை லயத்து வீட்டில் எனக்குக் கிடைத்ததில்லை.

காதொலிப்பானுக்கு முந்திய ஒரு நினைவு காரில்தான். 2006இல் நம் நாட்டு யோகி பியும் நட்சத்திரா குழுவின் டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் இருவரும் 'வல்லவன்' என்ற ஆல்பத்தைக் கொண்டுவந்தார்கள். 'நிழல்கள்' (1980) படத்தில் இளையராஜா இசையில் எஸ்.பி.பி. பாடிய ஒரு பாட்டை எடுத்து, நடுவே ராப் வைத்து அடித்தார்கள். நாடு முழுக்க அதுதான் ஓடியது. பாசார் மாலாமில் தட்டுக்கடைக்குத் தட்டுக்கடை அதே சத்தம். 'நிழல்கள்' வந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. அந்தப் பாட்டு எனக்குச் சாமி மாதிரி. அதன் மேல் கைவைத்துவிட்டார்களே என்று நான் பொருமிக்கொண்டிருக்க, பின்சீட்டில் ஆறு வயது மகள் குதித்துக்கொண்டு வந்தாள்.

ஆனால் ஒன்று. எஸ்.பி.பி. பாடிய அசலை அவள் அதற்குப் பல வருடம் கழித்துத்தான் கேட்டாள், யோகி பியைப் பிடித்துக்கொண்டு பின்வாசல் வழியாக. "ஒரிஜினல்ல வயலின் இவ்வளவு இருக்குன்னு தெரியாதுப்பா" என்று ஒரு நாள் சொன்னாள். நான் எத்தனை வருடம் எடுத்துச் சொல்லியிருந்தாலும் அந்த வயலினிடம் அவளைக் கொண்டு சேர்த்திருக்க முடியாது. அன்றிலிருந்து ரீமிக்ஸைத் திட்டுவதைக் குறைத்துக்கொண்டேன். விட்டுவிட்டேன் என்று சொல்லவில்லை.

எங்களுக்குள் தகராறு பெரும்பாலும் பாட்டால் அல்ல, பாட்டுக்கு முன்னால் நான் பேசுவதால். நான் ஒரு பாட்டைப் போட வேண்டுமென்றால் அதற்கு ஒரு வரலாறு உண்டு. '16 வயதினிலே' (1977) ஆட்டுக்குட்டிப் பாட்டு என்றால், எஸ்.பி.பி.க்குத் தொண்டை கட்டிக்கொண்டது, பாவலர் பிரதர்ஸ் மேடைகளில் பாடிக்கொண்டிருந்த வாசுவை இளையராஜா கூப்பிட்டது, 1944இல் இந்த மண்ணில் பிறந்து சினிமாவுக்காகச் சென்னை போன ஒரு மலையாளி வீட்டுப் பிள்ளை கமலஹாசனுக்குப் பாடி ஒரே படத்தில் நிலைத்தது, எல்லாம் சொல்லி முடிப்பதற்குள் கார் தம்போய் வந்துவிடும். அவள் அனுப்புவதிலோ ஒரு சொல்லும் இருக்காது. வெறும் இணைப்பு. யார் பாடியது, எந்த ஊர், எந்த வருடம், ஒன்றும் கிடையாது. "முதல்ல கேளுங்க. பிடிச்சா நீங்களே தேடுவீங்க" என்பாள்.

கடைசியில் சமாதானம் ஏற்பட்டது. கதை சொல்லலாம், ஆனால் பாட்டு முடிந்த பிறகு. அதற்கு முன் வாய் திறக்கக் கூடாது. அவள் தரப்பில், குறைந்தது பாடகர் பெயராவது எழுதி அனுப்ப வேண்டும்.

அந்த ஏற்பாட்டில் நான் முதலில் போட்டது 'ஆடுகளம்' பாட்டு. 2011 பொங்கலுக்கு வந்த படம், ஜி.வி. பிரகாஷ் இசை. தனுஷும் டாப்சியும் வரும் காதல் பாட்டில் எத்தனை குரல் என்று மட்டும் கேட்டேன். இரண்டு என்றாள். மறுபடி போட்டேன். இன்னும் கொஞ்ச தூரம் போனபோது, "ஆம்பளைக் குரல் ரெண்டு இருக்கு. ஆனா ரெண்டும் ஒரே ஆள் மாதிரியும் இருக்கு" என்றாள். அதுதான் சங்கதி. எஸ்.பி.பி.யும் அவர் மகன் சரணும். பெண் குரல் பிரசாந்தினி, மலேசியா வாசுதேவனின் மகள். ஒரு வீட்டு அப்பாவும் பிள்ளையும், இன்னொரு வீட்டுப் பிள்ளையும் பாடிய பாட்டு. படம் வெளியான மறுமாதம் வாசு போய்விட்டார். போதாததற்கு அதே படத்தில் யோகி பியும் ஒரு பாட்டில் இருக்கிறார். மதுரைச் சேவல் சண்டைப் படத்துக்குள் நம் நாட்டிலிருந்து இரண்டு வாசல் திறந்திருக்கிறது. இவ்வளவும் பாட்டு முடிந்த பிறகுதான் சொன்னேன். அவள் மூன்றாவது முறை தானே போட்டாள். அது அவள் முறை, என் கணக்கில் சேராது என்று தெளிவாகச் சொல்லிவிட்டேன்.

அவளிடமிருந்து எனக்கு வந்ததும் குறைவில்லை. அறிவும் தீயும் பாடிய 'எஞ்சாய் எஞ்சாமி' 2021இல் அவள் அனுப்பித்தான் கேட்டேன். அறிவு தன் பாட்டியைப் பற்றி, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்துவிட்டுத் திரும்பியவரைப் பற்றிப் பேட்டிகளில் சொல்வதைப் பிறகு தேடிப் பார்த்தேன். தோட்டத்தில் பிறந்தவனுக்கு அதற்கு மேல் அறிமுகம் தேவைப்படவில்லை. ஹேவோக் பிரதர்ஸ் என்று நம் பையன்கள் இருவர், அவர்கள் பாட்டும் அனுப்பினாள். சிலது பிடித்தது, சிலது சத்தம். சத்தம் என்று எழுதினால் கோபிக்கிறாள், "இது என் ஏரியா இல்லை" என்று எழுதினால் ஒன்றும் சொல்வதில்லை.

ஒரு நடைமுறைச் சிக்கலையும் சொல்ல வேண்டும். நான் பாட்டுக் கேட்பது அவளுடைய ஸ்பாட்டிபை கணக்கில். ஒரு ஞாயிறு இரவு நான் டி.எம்.எஸ். கேட்டால், அடுத்த நாள் ரயிலில் அவளுக்கு எம்.ஜி.ஆர். பாட்டாகக் கொட்டுகிறதாம். எந்திரம் எங்கள் இருவரையும் ஒரே ஆளாக எண்ணிக்கொண்டு, ராப்பும் தத்துவப் பாடலும் விரும்பும் ஒரு விசித்திரப் பிறவிக்குப் பரிந்துரை செய்துகொண்டிருக்கிறது. தனிக் கணக்கு போட்டுத் தருகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன். மாதக் கட்டணம் ஒரு காரணம்.

இந்த ஆட்டத்தில் மூன்றாவதாக ஒருவர் சேர்ந்திருக்கிறார். என் அம்மா. எண்பது தாண்டிவிட்டது, காலை முதல் மின்னல் எஃப்.எம். ஓடும் அறை அவருடையது. போன தீபாவளிக்குப் பேத்தி அவருக்கு யோகி பியைப் போட்டுக்காட்டினாள். கிழவி காதைத் தீட்டிக்கொண்டு கடைசிவரை கேட்டார். "யூனியன் கூட்டத்துல பேசுறவன் மாதிரி பேசுறான். ஆனா தாளம் தப்பல. இவன் இன்னும் என்ன பாடியிருக்கான்?" என்றார். இப்போது அவருக்கும் ஒரு முறை வேண்டுமாம். காரில் வர முடியாது என்பதால் தன் பாட்டை எங்களிடம் சொல்லி அனுப்புகிறார். இந்த ஞாயிறுக்குச் சொல்லியிருப்பது சி.எஸ். ஜெயராமன்.