பிணை நிற்க வேண்டியவர் யார்?

புத்தளக் கரையோரம் எழுத்தறியா மண்ணன்று. 1807ஆம் ஆண்டிலே கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டி அவர்கள், 1834இல் இலங்கையின் ஊர்களையும் மக்களையும் விவரிக்கும் 'சிலோன் கசற்றியர்' என்னும் பெருநூலை ஆங்கிலத்தில் வெளியிட்டார்கள். 1859இல் தமிழ்ப் புலவர் ஏறத்தாழ இருநூற்றுவரின் வரலாறுகளைத் திரட்டி 'தமிழ் புளூராக்' என்னும் நூலையும் தந்தார்கள். அத்தகைய ஒருவரைப் பெற்ற மண்ணிலே, நூலகத்தின் வாசலில் வந்து நிற்கும் ஏழையொருவரை, "உமக்குப் பிணை யார்?" என்று கேட்டுத் திருப்பியனுப்பும் விதி இருக்கலாமா? பொது நூலகங்களில் வைக்கப்படும் இணையக் கணினிகளைப் பற்றியே இவ்வினாவை எழுப்புகின்றோம்.

இது சிறிய விடயம் என்று சிலர் எண்ணலாம். அன்று. முன்னாளிலே கந்தோர் வாசலில் காத்து நின்ற மக்கள், இன்று கணினித் திரையின்முன் காத்து நிற்கின்றனர். 2022 ஜூலையில், இணையத்திற் பதிந்து பெற்ற குறியீட்டைக் காட்டியே வாகனத்துக்கு எரிபொருள் பெறவேண்டிய நிலை வந்தது. 2023 ஜூனிலிருந்து கடவுச்சீட்டுக்கு இணையவழி விண்ணப்பிக்கும் முறை நடைமுறைக்கு வந்தது. பரீட்சைப் பெறுபேறு இணையத்தில் வருகிறது. பல்கலைக்கழக அனுமதி விண்ணப்பமும் அவ்வழியே செல்கிறது. உடப்பிலே கரைவலை இழுப்பவரின் மகளும், கற்பிட்டி மணலிலே மிளகாயும் வெங்காயமும் விளைவிப்பவரின் மகனும் இவ்வாசலால் அன்றி வேறு எவ்வாசலால் உட்புக முடியும்?

"எல்லோர் கையிலும் தொலைபேசி உண்டே, நூலகக் கணினி எதற்கு?" என்பாரும் உளர். பிறப்புச் சான்றிதழைப் படியெடுத்து இணைத்து, பல பக்கப் படிவத்தை நிரப்பி, அச்சிட்டுக் கையொப்பமிடும் வேலையைக் கையகலத் திரையிலே செய்து பார்த்தவர் இவ்வாறு பேசமாட்டார். ஆதலால் மக்கள் சந்தியிலுள்ள கொமினிகேஷன் கடையை நாடுகின்றனர். அங்கே கட்டணமும் கொடுத்து, அடையாள அட்டை இலக்கத்தையும் கடவுச்சொல்லையும் பிறர் காதுபட உரத்துச் சொல்கின்றனர். கடைக்காரரைக் குறை கூறுவது எமது நோக்கமன்று. பொதுமக்களுக்குரிய இடம் பொதுமக்களுக்குப் பயன்படாதபோது அவர்கள் வேறெங்கே செல்வர்?

விதியே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஒரு நூலகர், இரண்டு கணினிகள், பெறுபேறு வெளியான நாளிலே நாற்பது பிள்ளைகள் என்றால், விதியின்றி நூலகம் சந்தையாகிவிடும். விளையாட்டிலே மூழ்கிய இளைஞன் எழாதிருக்க, விண்ணப்பத்தின் கடைசி நாளிலே வந்த தாய் திரும்பிச் செல்வதும் அநீதியே. ஆகவே விதி வேண்டும். ஆயின் அவ்விதி யாரைக் காக்க இயற்றப்படுகிறது என்பதே கேள்வி.

பொது நூலகத்தில் உறுப்பினராகச் சேர்வதற்கு, ஊரிலே சோலைவரி செலுத்துபவர் அல்லது வாக்காளர் இடாப்பிற் பெயருள்ளவர் ஒருவர் பிணை நிற்கவேண்டும் என்பது இந்நாட்டிலே பல இடங்களிலும் உள்ள பழைய வழக்கம். நூலை இரவல் கொடுப்பதற்கு அது பொருந்தும். நூல் வீட்டுக்குச் செல்கிறது, திரும்பி வராமலும் போகலாம். கணினியோ மேசையை விட்டு அசைவதில்லை. அதற்கு ஏன் பிணை? உண்மையை நோக்கின், கணினியின் முன் அமர்பவர் எதையும் எடுத்துச் செல்வதில்லை. தமது அடையாள இலக்கத்தையும், வங்கிக் கணக்கையும், கடவுச்சொல்லையும் அங்கே விட்டுச் செல்கிறார். ஆகவே பிணை நிற்கவேண்டியவர் வாசகர் அல்லர். நூலகமே வாசகருக்குப் பிணை நிற்கவேண்டும்.

இப்பிணைவிதி புத்தளத்திலே யாரைத் தாக்குகின்றது என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1990 ஒக்டோபரில், விடுதலைப் புலிகளால் வடமாகாணத்திலிருந்து 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டனர். அவர்களுட் பெரும்பாலோர் தஞ்சம் புகுந்தது இம்மாவட்டத்திலேயே. தமிழ் பேசும் இனத்தின் வரலாற்றிலே அழியாத களங்கம் அது. அதன்பின் நெடுங்காலம், அவர்களுட் பலருக்கு வாழ்வது புத்தளத்தில், வாக்காளர் பதிவு மன்னாரிலோ யாழ்ப்பாணத்திலோ என்ற நிலை நீடித்தது. இத்தகையோரிடம் பதிவும் பிணையும் கேட்பது, ஒருமுறை வீடிழந்தவரை மறுமுறை வாசலில் நிறுத்துவதாகும். வாடகை வீட்டில் வாழும் தொழிலாளிக்கும், பருவந்தோறும் வாடி மாறும் மீனவனுக்கும் கதி இதுவே.

மொழியைப் பற்றியும் சொல்லாதிருக்க முடியாது. 1956இன் தனிச்சிங்களச் சட்டம் எமக்கிழைத்த கொடுமையை நாம் மறந்தோமல்லோம். 1987இல் பதின்மூன்றாந் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிற்று. 1988இன் பதினாறாந் திருத்தப்படி, வடக்குக் கிழக்குக்கு வெளியேயும் ஒருவர் அரச அலுவலருடன் தமிழிலே கருமமாற்றி மறுமொழி பெறும் உரிமையுடையவர். அவ்வுரிமை புத்தளத்தாருக்கும் உண்டு. அவ்வாறிருக்க, சுவரிலே விதி சிங்களத்திலும், கணினியிலே எழுத்து ஆங்கிலத்திலும் மட்டும் இருக்குமாயின், அரசியலமைப்பு ஏட்டுச் சுரைக்காய்தானே?

நாம் வேண்டுவன நான்கே. முதலாவது, கணினியைப் பயன்படுத்தப் பிணையோ உறுப்புரிமையோ கேட்கலாகாது. வருகை ஏட்டிலே பெயர் எழுதினாற் போதும். இரண்டாவது, ஆளுக்கு அரைமணி என நேரம் வகுக்கலாம். ஆயின் விண்ணப்பமோ பரீட்சைக் கருமமோ செய்வோருக்கு முதலிடமும், முடியும்வரை அவகாசமும் வேண்டும். மூன்றாவது, ஒருவர் எழுந்ததும் அவர் விட்ட தடயம் முழுவதும் கணினியிலிருந்து அழிக்கப்படல் வேண்டும். அவர் எதைப் படித்தார் என்று எவரும் வேவு பார்க்கலாகாது. சிறுவரைக் காப்பதற்கு வைக்கும் தடை, முதியோர் நோயைப் பற்றியோ சட்டத்தைப் பற்றியோ அறிவதைத் தடுக்கவும் கூடாது. நான்காவது, விதிகள் தமிழிலும் தொங்கவேண்டும்; தமிழில் எழுதும் விசைப்பலகையும், அதைக் காட்டிக் கொடுக்க ஓர் ஆளும் வேண்டும்.

இவை பேராசையல்ல. 1949இல் முதன்முதல் வெளியிடப்பட்டு, 1994இலும் 2022இலும் புதுக்கப்பட்ட யுனெஸ்கோவின் பொது நூலகப் பிரகடனம், இன மத மொழி வேறுபாடின்றி யாவருக்கும் சமமான சேவை, கொள்கையளவிற் கட்டணமற்ற சேவை என்றே கூறுகின்றது. பணமில்லை என்பதும் முழு விடையன்று. இந்நாட்டின் 'நெனசல' அறிவு நிலையங்கள் 2014இலே பில் - மெலிண்டா கேட்ஸ் அறநிலையத்தின் பத்து இலட்சம் டொலர்ப் பரிசைப் பெற்றன. பரிசு வாங்கும் ஆற்றல் உள்ள நாட்டுக்கு, பிணைவிதியை நீக்க ஒரு சதமும் செலவில்லை; மன்றத்தின் ஒரு தீர்மானமே போதும்.

2025 மே மாதத்திலே உள்ளூராட்சி மன்றங்களுக்குத் தெரிவான உறுப்பினர்களை இத்தீர்மானம் கொண்டுவருமாறு கேட்கின்றோம். வாசகர்களையும் ஒன்று கேட்கின்றோம். 2016இன் தகவலறியும் உரிமைச் சட்டப்படி, நூலகக் கணினி விதிகளின் படியொன்றை உங்கள் மன்றத்திடம் தமிழிலே கோருங்கள். 14 வேலை நாட்களுக்குள் அதிகாரி தமது முடிவை அறிவித்தாக வேண்டும். எழுதத் தெரிந்த ஆசிரியரும் சட்டத்தரணியும், எழுத நேரமற்ற விவசாயிக்காக அக்கடிதத்தை எழுதிக் கொடுக்கட்டும். ஊரார் பணத்தில் வாங்கிய கணினியின் முன் ஊரார் அமர்வதற்கு எவருடைய பிணையும் வேண்டியதில்லை.