பொம்மைக்குக் குரல் கொடுப்பவர்

தாதியர் கல்விக்குப் பொம்மை புதிதல்ல. 1911ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் ஹார்ட்ஃபர்ட் மருத்துவமனைத் தாதியர் பள்ளிக்கு 'மிஸஸ் சேஸ்' என்ற ஆளுயரப் பொம்மை வந்துவிட்டது. இன்றைய பொம்மைக்கு நாடி துடிக்கும், மூச்சு வாங்கும், பேசவும் செய்யும். பேசுவது உண்மையில் கண்ணாடிக்கு அப்பால் ஒலிவாங்கியோடு அமர்ந்திருக்கும் பயிற்றுநர்தான்.

எங்கள் புலத்துப் பொம்மை இதுவரை ஆங்கிலத்திலோ மலாயிலோதான் வலி சொல்லியிருக்கிறது. வார்டுக்குப் போன முதல் வாரத்திலேயே ஒரு பாட்டி என் கையைப் பிடித்து, "நெஞ்ச அடைக்குதும்மா, படபடன்னு வருது" என்றார். ஆறாண்டுகள் தமிழ்ப்பள்ளியில் படித்தவள் நான். அதை மூத்த தாதியிடம் மலாயில் எடுத்துச் சொல்லத் தடுமாறி நின்றேன். (நல்லவேளை, பாட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை.)

பாவனைப் பயிற்சிக்கு நிபுணரைத் தேடும்போது இயந்திரம் தெரிந்தவரா என்று மட்டும் பார்த்தால் போதுமா? பயிற்சி முடிந்ததும் மாணவரை உட்கார வைத்து, கூனிக் குறுக வைக்காமல், "அந்த நேரத்தில் என்ன நினைத்தாய்?" என்று கேட்கத் தெரிய வேண்டும். நாங்கள் கற்றதில் பாதி அந்த உரையாடலில்தான்.

நேர்காணலில் இன்னொன்றும் கேட்கலாம்: தமிழ் மட்டுமே பேசும் எழுபது வயதுப் பாட்டியை வைத்து ஒரு காட்சி எழுத முடியுமா? அவருக்கே தமிழ் தெரிய வேண்டியதில்லை. எங்களைக் கூப்பிடட்டும், ஒலிவாங்கியைப் பிடித்து நாங்கள் முனகுகிறோம்.