சாமான் கோச்சிக்கும் ஒரு படம்



பொழுதுபோக்கு என்றதும் நமக்கு நினைவுக்கு வருபவை தையல், பூக்கன்று வளர்ப்பது, பின்னல் வேலை போன்றவைதான். அவற்றில் ஒரு குறையும் இல்லை. ஆனால் "கோச்சி பார்ப்பதுதான் என் பொழுதுபோக்கு" என்று ஒரு பெண்பிள்ளை சொன்னால் நம் வீடுகளில் என்ன நடக்கும்? முதலில் எல்லோரும் சிரிப்பார்கள். பிறகு, "கோச்சியையா பார்க்கப் போகிறாள், வேறு யாரையுமா?" என்று கேட்பார்கள்.

எங்கள் குடும்பத்திலும் இந்தக் கேள்வி வந்தது. என் தம்பியின் மகள் உயர்தரம் படிக்கிறாள். விடுமுறைக்கு அப்புத்தளையில் உள்ள பாட்டி வீட்டுக்குப் போனால், கைத்தொலைபேசியையும் ஒரு கொப்பியையும் எடுத்துக்கொண்டு புகையிரத நிலையத்துக்குப் போய்விடுவாள். பயணிகள் கோச்சியில் அவளுக்கு அவ்வளவு ஆசை இல்லை. சாமான் கோச்சி வர வேண்டும், அதிலும் எப்போதாவது வரும் பழைய இஞ்சின் வர வேண்டும். அதைப் படம் எடுத்து, இலக்கத்தைக் கொப்பியில் எழுதி வைப்பாள். தம்பி இதை நிறுத்தச் சொல்லிவிட்டான். "அத்தை, நீங்களாவது ஒரு நாள் வந்து பார்த்துவிட்டு அப்பாவிடம் சொல்லுங்கள்" என்று அவள் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

எங்கள் கொஸ்லந்தைக்குப் புகையிரதம் கிடையாது. பெரகலை வழியாக பஸ் ஏறி அப்புத்தளைக்குத்தான் போக வேண்டும். 2025 ஓகஸ்ட் விடுமுறையில் ஒரு நாள் போனேன். அன்று கண்டதும், அதற்குப் பிறகு தேடித் தெரிந்துகொண்டதும்தான் இந்த மாதம் உங்களுக்கு.

எதற்காகச் சாமான் கோச்சி?

இது ஒன்றும் புதுப் பைத்தியம் இல்லை. 1942-இல் இங்கிலாந்தில், புகையிரதக் கம்பனி ஒன்றில் வேலை செய்த இயன் அலன் என்ற இளைஞர், இஞ்சின்களின் இலக்கங்களைத் தொகுத்து ஒரு சிறு புத்தகம் வெளியிட்டார். சிறுவர்கள் அதை வாங்கி, தாங்கள் கண்ட இலக்கங்களின் கீழே கோடு போட்டுக்கொண்டார்கள். அங்கிருந்து அது பல நாடுகளுக்குப் பரவியது. இந்தியாவிலும் நம் நாட்டிலும் இப்படி இஞ்சின் தேடித் திரிபவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் பெண்கள் குறைவு என்பதுதான் உண்மை.

பயணிகள் கோச்சிக்கு நேர அட்டவணை உண்டு. எல்லவில் ஒன்பது வளைவுப் பாலத்தின் மேல் அது போவதைப் படம் எடுக்க உலகமே வருகிறது. சாமான் கோச்சி அப்படியல்ல. சுமை இருந்தால்தான் வரும். எந்த இஞ்சின் வரும் என்பதும் அன்றைக்கு எது கிடைக்கிறதோ அதைப் பொறுத்தது. சில நேரம், ஓய்வு கொடுத்துவிட்டார்கள் என்று எல்லோரும் நினைத்த கிழட்டு இஞ்சின் ஒன்று சுமையை இழுத்துக்கொண்டு வந்து நிற்கும். அதைப் பார்த்து ஆரவாரம் செய்ய அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். ஒருவர் படம் எடுத்தால் அது பதிவு. இல்லாவிட்டால் அது வந்ததற்கே அடையாளம் இல்லை.

அறிந்துகொள்ள வேண்டிய சில இஞ்சின்கள்

நம் பாதை சாதாரண பாதை அல்ல. 44 அடி போனால் ஓர் அடி ஏற வேண்டிய இடங்கள் அதில் உண்டு. பட்டிப்பொலைக்கு அருகில் 6,200 அடிக்கு மேல் ஏறுகிறது. வளைவுகளோ மிகக் குறுகியவை. இவ்வளவையும் சமாளிக்க 1927-இல் இங்கிலாந்தின் மன்செஸ்டரிலிருந்து 'கரட்' என்ற பெரிய நீராவி இஞ்சின் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். நடுவில் கொதிகலன், முன்னும் பின்னும் தனித்தனிச் சில்லுத் தொகுதிகள். அதனால் வளைவில் உடம்பை வளைத்துக்கொண்டு போகும். 1945-இல் மேலும் எட்டு வந்தன. இன்று அவற்றைப் படத்தில் மட்டும்தான் பார்க்கலாம்.

டீசல் இஞ்சின்களில் தம்பி மகளுக்குப் பிடித்தது 'எம்2'. கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா அன்பளிப்பாகக் கொடுத்த இஞ்சின்கள் அவை. 1954-இல் வரத் தொடங்கின. ஒன்டாரியோ, அல்பேர்ட்டா, சஸ்கச்சுவான் என்று கனடா மாகாணங்களின் பெயர்களை அவற்றுக்கு வைத்தார்கள். அறுபது வருடங்களுக்கு மேலாகியும் அவற்றில் சில ஓடின. அதற்கு ஒரு வருடம் முன்னர், 1953-இல், இங்கிலாந்திலிருந்து வந்த 'எம்1' இஞ்சின்கள் இருபத்தைந்தும் எப்போதோ ஓய்ந்துவிட்டன. மலையேறும் கோச்சிகளில் நாம் அதிகம் கண்டது 'எம்6'. அது 1979 அளவில் மேற்கு ஜேர்மனியிலிருந்து வந்தது. இஞ்சினின் பக்கத்தில் எழுதியிருக்கும் இலக்கத்தைப் பார்த்தால் எந்த இனம் என்று சொல்லிவிடலாம். நமக்கு ஆடு மாட்டை அடையாளம் தெரிவதுபோல அவளுக்கு இது தெரிகிறது.

அன்று நாங்கள் 'எம்2'-க்காகக் காத்திருந்தோம். நிலைய அதிபரிடம் சொல்லிவிட்டு மேடையில் உட்கார்ந்துகொண்டோம். இங்கே ஒற்றைப் பாதை. ஒரு பெரிய வளையத்தில் மாட்டிய பைக்குள் ஓர் உலோக வில்லை இருக்கும். அது கைக்கு வராமல் சாரதி அடுத்த நிலையத்தை நோக்கிப் போக முடியாது. அதிபர் வளையத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தால் கோச்சி வருகிறது என்று அர்த்தம். இதையும் அவள்தான் எனக்குச் சொல்லித் தந்தாள்.

வந்தது 'எம்6'. பின்னால் எண்ணெய்த் தாங்கிகள். அவள் முகம் சற்று வாடியது. ஆனாலும் படம் எடுத்தாள், தாங்கிகளை எண்ணினாள், நேரத்தைப் பார்த்து எழுதினாள். "நினைத்தது வராவிட்டாலும் வந்ததை எழுத வேண்டும், அத்தை" என்றாள். இந்தப் பிள்ளைக்கு இந்தப் பொறுமை எங்கிருந்து வந்தது என்று நான் யோசித்தேன்.

அந்தக் கோச்சியில் போனது யாருடைய உழைப்பு?

மேடையில் எங்களுக்குப் பக்கத்தில் ஒரு வயதான அம்மா பண்டாரவளைக்குப் போக இருந்தார். முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்தவர். "என்ன மகள் எழுதுறீங்க?" என்று கேட்டார். தம்பி மகள் படத்தைக் காட்டினாள். அவர் கண்களைச் சுருக்கிக்கொண்டு பார்த்துவிட்டுச் சொன்னார்:

"இது எண்ணெய்க் கோச்சி. அந்தக் காலத்துல தேயிலைப் பெட்டிதான் போகும். எங்க வீட்டுக்காரர் லொறியில வந்து குட்செட்டுல பெட்டி ஏத்துவார். ஒரு பெட்டி நூறு இறாத்தலுக்குக் கிட்ட வரும். தோள்பட்டை காய்ச்சுப் போயிருக்கும்."

"அவருடைய படம் இருக்கிறதா, பாட்டி?" என்று இவள் கேட்டாள்.

"அடையாள அட்டையில உள்ளதுதான் இருக்கு, பிள்ளை. வேலை செய்யுறப்ப யார் எடுப்பா?"

அந்தப் பதில் என்னை விட்டுப் போகவில்லை. நம் மலைகளுக்குப் புகையிரதம் யாருக்காக வந்தது? சுற்றுலாப் பயணிகளுக்காக அல்ல. முதலில் கோப்பியையும் பிறகு தேயிலையையும் துறைமுகத்துக்குக் கொண்டுபோகத்தான். 1867-இல் கண்டிக்கு வந்த பாதை 1885-இல் நானுஓயாவுக்கும், 1893-இல் அப்புத்தளைக்கும், 1894-இல் பண்டாரவளைக்கும் வந்தது. அங்கிருந்து பதுளையைச் சேர 1924 வரை, முப்பது வருடங்கள் எடுத்தன. கீழே இறங்கியது தேயிலை. மேலே ஏறியது அரிசியும் மாவும் உரமும். அதாவது, நம் பாட்டிமார் பறித்ததைக் கொண்டுபோனதும், அவர்கள் சமைத்ததைக் கொண்டுவந்ததும் அந்தச் சாமான் கோச்சிதான்.

இன்று தேயிலை லொறியில் போகிறது. பலகைப் பெட்டி போய்க் கடதாசிப் பை வந்துவிட்டது. பழைய பெட்டிகளின் பலகை சில லயக் காம்பராக்களில் தட்டாகவும் தடுப்பாகவும் இருந்ததை நம்மில் பலர் பார்த்திருப்போம். தேயிலையின் விளம்பரத்தில் கூடையோடு சிரிக்கும் பெண்ணைக் கண்டிருக்கிறோம். அவள் பறித்த தேயிலை எந்த நிலையத்தில் ஏறியது, யார் ஏற்றினார்கள், எந்த இஞ்சின் இழுத்தது என்பதற்கு நம் வீடுகளில் ஒரு படம் உண்டா?

படம் இல்லாமல் போவது என்னவென்று கொஸ்லந்தைக்காரருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2014 ஒக்டோபர் 29-ஆம் திகதி மீரியபெத்தையில் மண் சரிந்தபோது உயிர்களும் லயங்களும் போயின. சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் படங்களும், பெட்டியில் வைத்த பிறப்புச் சான்றிதழ்களும் அவற்றோடு போயின. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்து மலையகப் புகையிரதப் பாதையைப் பல இடங்களில் உடைத்துப் போட்டது. அதற்கு மூன்று மாதம் முன்பு தம்பி மகள் எடுத்த படங்கள் சாதாரண படங்களாகத்தான் இருந்தன. இப்போது அவற்றைப் பார்க்கும்போது அப்படித் தோன்றவில்லை.

பிள்ளையை அனுப்பலாமா?

தம்பியின் பயத்தை நான் குறை சொல்லவில்லை. புகையிரதத்தில் தொங்கிக்கொண்டு படம் எடுக்கப் போய் உயிரை விட்டவர்கள் இருக்கிறார்கள். பாதையில் நடப்பது சட்டப்படியும் குற்றம். ஆபத்து இருக்கிறது என்பதற்காக ஆசையை முற்றாக நிறுத்த வேண்டுமா, அல்லது ஒழுங்கு வைக்கலாமா? நாங்கள் மூவரும் உட்கார்ந்து பேசி ஓர் ஒழுங்கு வைத்தோம். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் உதவும்:

பகல் நேரத்தில் மட்டும், வீட்டார் ஒருவரோடு போக வேண்டும். முதலில் நிலைய அதிபரிடம் சொல்ல வேண்டும்.

மேடையில் அல்லது வேலிக்கு வெளியே நின்றுதான் படம் எடுக்க வேண்டும். பாதை, பாலம், சுரங்கம் மூன்றிலும் கால் வைக்கக்கூடாது. ஓடும் கோச்சியிலிருந்து தலையோ கையோ வெளியே போகக்கூடாது.

விலை உயர்ந்த கமரா தேவையில்லை. கைத்தொலைபேசி போதும். வெயில் முதுகுப் பக்கம் இருக்கட்டும். அப்புத்தளைப் பக்கம் மத்தியானத்துக்குப் பிறகு மூடுபனி ஏறிவிடும் என்பதால் காலை நேரம் நல்லது.

இஞ்சினின் இலக்கம், திகதி, நேரம், இடம், எந்தத் திசை, எத்தனை பெட்டி, என்ன சுமை ஆகியவற்றை அன்றே எழுத வேண்டும். விபரம் இல்லாத படம் பத்து வருடத்தில் யாருக்கும் பயன்படாது.

கைத்தொலைபேசி பழுதானால் எல்லாம் போய்விடும். நல்ல படங்களையாவது கடதாசியில் எடுத்துப் பின்புறத்தில் விபரம் எழுதி வையுங்கள்.

இதைப் பிள்ளைகளுடைய விளையாட்டு என்று மட்டும் நினைக்க வேண்டாம். இலக்கத்தைக் கவனிக்கிறாள், வரைபடம் பார்க்கிறாள், இஞ்சின் எப்படி இயங்குகிறது என்று கேட்கிறாள், பெரியவர்களோடு பேசுகிறாள். புத்தகத்தில் மட்டும் இவையெல்லாம் கிடைப்பதில்லை. வசதி இருந்தால் கடுகண்ணாவையில் 2014-இல் திறந்த புகையிரத நூதனசாலைக்கும் ஒரு தடவை கூட்டிப் போங்கள். தம்பி இப்போது மகளோடு தானே போவதாகச் சொல்லியிருக்கிறான்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் தோட்டத்தில் குட்செட்டில் பெட்டி ஏற்றியவர், பாதையில் கல் போட்டவர், லொறியில் தேயிலை கொண்டுபோனவர் யாராவது இருந்தால், இந்த மாதமே போய் உட்கார்ந்து பேசுங்கள். அவர் சொல்வதைப் பிள்ளைகளை விட்டு எழுதச் சொல்லுங்கள். அவரை ஒரு படமும் எடுங்கள். அடையாள அட்டைக்காக எடுப்பதுபோல அல்ல. அவர் பேசிக்கொண்டிருக்கும்போது எடுங்கள்.

அடுத்த மாதம் சந்திப்போம்.