அக்கரையில் நின்ற அம்மா

திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையில் எழுந்தருளியிருக்கும் சுவாமிக்குத் தாயுமானவர் என்று திருநாமம். அந்தப் பெயர் வந்த கதை எங்கள் பக்கத்துக் குழந்தைகளுக்கெல்லாம் தெரியும். காவேரிப்பூம்பட்டினத்து வணிகர் குலத்தில் பிறந்த இரத்தினாவதி என்ற பெண் திருச்சியில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். பிரசவ காலம் நெருங்கிற்று. அவளுடைய தாய், வேண்டிய சாமான்களை மூட்டை கட்டிக்கொண்டு புறப்பட்டாள். வழியில் காவேரியில் வெள்ளம். ஆற்றைக் கடக்க வகையில்லை. தாய் அக்கரையில் நின்றாள். மகள் இக்கரையில் வலியால் துடித்தாள். அப்போது சிவபெருமானே அந்தத் தாயின் உருவத்தில் வந்து பிரசவம் பார்த்தார். வெள்ளம் வடிந்து உண்மையான தாய் வந்து சேர்ந்தபோது, வீட்டில் இரண்டு தாய்மார் இருந்தார்களாம். சுகப்பிரசவம் வேண்டி இன்றைக்கும் அந்தச் சந்நிதிக்கு வாழைத்தார் நேர்ந்துகொள்கிறார்கள்.

இந்தக் கதையை எத்தனையோ வருஷமாக வகுப்பில் சொல்லி வருகிறேன். ஆனால் அதில் உள்ள ஒரு முக்கியமான விஷயத்தைச் சமீபத்தில்தான் கண்டுகொண்டேன். சுவாமி அந்தப் பெண்ணுக்குத் தைரியம் சொல்லவில்லை, உபதேசம் செய்யவில்லை, தூரத்தில் இருந்தபடியே வரம் கொடுக்கவும் இல்லை. வீட்டுக்குள் வந்து கூட இருந்தார்.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர்கள், வேடிக்கை என்னவென்றால், ஒரு கிறிஸ்தவ மாதா கோயிலைச் சேர்ந்த ஸ்திரீகள்.

என்னிடம் முன்பு படித்த பெண் ஒருத்தி இருக்கிறாள். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். தகப்பனார் உத்தியோகத்தின் பொருட்டுச் சில வருஷம் இங்கே இருந்தபோது என் வகுப்பில் படித்தாள். கலியாணமாகிக் கணவனுடன் மறுபடியும் திருச்சிக்கே வந்து, பொன்மலைப் பக்கத்தில் குடியிருந்தாள். தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பதுதானே நம் வழக்கம்? ஆனால் அவளுடைய தாயார் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் கிடந்தார். ஆகவே குழந்தை திருச்சி ஆஸ்பத்திரியில் பிறந்தது. மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தாள். கணவன் பத்து நாள் லீவு போட்டான். பிறகு வேலைக்குப் போய்விட்டான். கூடமும் சமையலறையும் அவளும் குழந்தையுமாக மிஞ்சினார்கள்.

நான் இருப்பது ஸ்ரீரங்கத்தில். எங்கள் இருவருக்கும் நடுவே காவேரி உண்டு; ஆனால் பாலமும் உண்டு. வெள்ளமும் இல்லை. இருந்தும் நான் போகவில்லை. டெலிபோனில் பேசினேன். என்ன சாப்பிட வேண்டும், குழந்தையை எப்படித் தூங்கவைக்க வேண்டும், எந்தப் புஸ்தகத்தைப் படிக்க வேண்டும் என்றெல்லாம் சொன்னேன். பட்டதாரி உபாத்தியாயினிக்கு யோசனை சொல்வதற்கு எவ்வளவு நேரம் வேண்டும்? ஒவ்வொரு தடவையும் அவள், "சரி டீச்சர், சரி டீச்சர்" என்றாள். என் கடமை தீர்ந்தது என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

ஐந்து வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை காலை, ஒரு சின்னச் சட்டையும் கிலுகிலுப்பையும் வாங்கிக்கொண்டு போனேன். கதவைத் திறந்தவள் அவள் அல்ல. எனக்கு முன்பின் தெரியாத ஓர் அம்மாள். "மெதுவா வாங்க, பிள்ளை இப்பத்தான் கண் அசந்தா" என்றாள். பிள்ளை என்று அவள் சொன்னது குழந்தையை அல்ல, தாயை! உள்ளே ஒரு பாட்டி கால்களை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் காலின்மேல் குப்புறப் போட்டு வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். இன்னொருத்தி துணி துவைத்துக்கொண்டிருந்தாள். நான் நாற்காலியில் உட்கார்ந்து, சட்டைப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு விழித்தேன். கதவு திறந்த அம்மாள் ஒரு முறத்தை என் முன் வைத்தாள். "சும்மாதானே இருக்கீங்க டீச்சர், இந்தப் பூண்டை உரிச்சுக் கொடுங்க" என்றாள்.

பல வருஷங்களாக என்னை ஒருவரும் இப்படி வேலை வாங்கியதில்லை. உரித்துக் கொடுத்தேன்.

அவர்கள் மூவரும் அந்தப் பெண் ஞாயிற்றுக்கிழமைதோறும் போகும் சபையின் தாய்மார் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள். குழந்தை பிறந்த வீட்டுக்கு நாற்பது நாள் வரையில் முறை வைத்துக்கொண்டு போவது அவர்கள் வழக்கம். அடுத்த வாரம் அவர்களுடைய கூட்டத்துக்கே என்னையும் அழைத்தார்கள். போய்ப் பார்த்தேன்.

கோயிலை அடுத்த சிறிய மண்டபம். தரையில் பாய்கள், ஜன்னல் கம்பியில் கட்டிய புடவைத் தூளிகள் இரண்டு. இருபது தாய்மார் இருக்கலாம். குழந்தைகளை எண்ண முடியவில்லை, ஓர் இடத்தில் நின்றால்தானே! முதலில் ஒரு பாட்டு, பிறகு வேத வாசிப்பு, ஜபம். ஜபத்தின் நடுவே ஒரு குழந்தை வீறிட்டது. ஒருவரும் தலையைத் திருப்பவில்லை. பிறகு ஒவ்வொருத்தியும் அந்த வாரத்துக் கதையைச் சொன்னாள். பால் போதவில்லை என்றாள் ஒருத்தி. மாமியார் குழந்தைக்கு வசம்பு உரைத்துக் கொடுக்கச் சொல்லுகிறார் என்றாள் மற்றொருத்தி. கூட்டத்தில் ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி இருந்தாள். ஆறு மாதம் வரையில் தாய்ப்பாலைத் தவிரத் தண்ணீர்கூட வேண்டாம் என்று விளக்கினாள். அதோடு நில்லாமல், "நானே வந்து உங்க மாமியார்கிட்டப் பேசறேன்" என்றாள். கடைசியில் ஒரு தகர டின் சுற்றி வந்தது. ஒவ்வொரு வேளையும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்துக் கோயிலுக்குக் கொண்டுவருவது தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களில் பழைய வழக்கம். அந்தப் பிடியரிசிதான் அடுத்த பிரசவ வீட்டுக் கஞ்சி.

திரும்பும்போது அந்தப் பெண் என்னோடு தெரு முனை வரை வந்தாள். "ஒரு நாள் ராத்திரி குழந்தை அழுதுக்கிட்டே இருந்துச்சு டீச்சர். நான் ரெண்டு காதையும் பொத்திக்கிட்டு அடுத்த ரூம்ல போய் உக்காந்துட்டேன். எனக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு பயமா இருந்துச்சு. பாட்டிகிட்டத்தான் சொன்னேன். அவங்க மறுநாளே என்னை டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனாங்க" என்றாள்.

"என்னிடம் ஏன் அம்மா சொல்லவில்லை?" என்று கேட்டேன்.

அவள் சற்றுத் தயங்கினாள். "நீங்க, நான் சொல்றதுக்கு முன்னாடியே பதில் சொல்லிடுவீங்க டீச்சர்" என்றாள்.

அன்று பாலத்தைக் கடந்து வீடு வந்து சேர்கிற வரையில் அந்த வார்த்தை என் காதைவிட்டுப் போகவில்லை.

இது அவள் ஒருத்திக்கு வந்த கஷ்டம் அல்ல. பிரசவித்த ஸ்திரீகளில் நூற்றுக்குச் சுமார் 13 பேர் மனச்சோர்வு முதலான மன நோய்க்கு ஆளாகிறார்கள் என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லுகிறது. வளரும் நாடுகளில் இது நூற்றுக்குச் சுமார் 20. அதாவது ஐந்து தொட்டில்கள் ஆடினால், அவற்றில் ஒன்றை ஆட்டுகிறவள் மனத்துக்குள் அழுதுகொண்டிருக்கிறாள். இதற்கு வைத்தியம் உண்டு. ஆனால் வைத்தியரிடம் போக வேண்டும் என்று சொல்ல ஓர் ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். பிரசவத்தை நாம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டோம். அதனால் எண்ணற்ற உயிர்கள் பிழைத்தன, சந்தேகமே இல்லை. ஆனால் ஆஸ்பத்திரி மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது. நாலாம் நாள் யார் வருகிறார்கள்?

இத்தகைய தாய்மார் கூட்டங்களுக்கு ஒரு சரித்திரம் உண்டு. இங்கிலாந்தில், ஹாம்ஷையர் ஜில்லாவில் ஓல்டு ஆல்ரெஸ்போர்டு என்ற கிராமத்தில், பாதிரியாரின் மனைவி மேரி சம்னர் என்ற அம்மாள் 1876-ல் தாய்மார் சங்கத்தைத் தொடங்கினாள். அவளுடைய மகளுக்கு அப்போது குழந்தை பிறந்திருந்தது. தன் முதற் குழந்தையைக் கையில் வாங்கியபோது ஒன்றும் தெரியாமல் தான் கலங்கி நின்றது அவளுக்கு நினைவு வந்தது. பணக்காரி, ஏழை என்று பாராமல் ஊர்த் தாய்மாரையெல்லாம் கூட்டினாள். கூட்டினாளே தவிர, முதற் கூட்டத்தில் அவளுக்கு நா எழவில்லை! அடுத்த வாரம் வாருங்கள் என்று எல்லோரையும் அனுப்பிவிட்டாளாம். 1885-ல் போர்ட்ஸ்மத் நகரில் நடந்த சபை மகாநாட்டில் அவள் பேசிய பிறகு சங்கம் வேகமாகப் பரவிற்று. இன்றைக்கு 80-க்கு மேற்பட்ட தேசங்களில் 40 லட்சம் அங்கத்தினர்கள் அதில் இருக்கிறார்கள்.

முதற் கூட்டத்தில் பேச்சு வராத அம்மாள் தொடங்கிய சங்கம் இவ்வளவு வளர்ந்திருக்கிறது. பேச்சிலே தேர்ந்த என்னைப் போன்றவர்கள் சற்று யோசிக்க வேண்டிய விஷயம் இது.

"இது அந்நியர் கொண்டுவந்த வழக்கம்தானே?" என்று சிலர் கேட்கலாம். விதை அங்கிருந்து வந்திருக்கலாம், மண் நம்முடையது. மலைக்கோட்டையின் அடியில், தெப்பக்குளத்தின் அருகே, ஸ்வார்ட்ஸ் பாதிரியார் கட்டிய கிறிஸ்து நாதர் ஆலயம் 1766-ல் எழுந்தது. தேசம் சுதந்திரமடைந்து சுமார் ஆறு வாரத்தில், 1947 செப்டம்பர் 27-ல், பல மிஷன்களின் சபைகள் ஒன்றுகூடித் தென்னிந்தியத் திருச்சபை உண்டாயிற்று. அதன் பிறகு வெள்ளைக்காரத் துரைசானிகள் தலைமை வகித்த இடத்தில் நம் ஊர்ப் பெண்களே அமர்ந்தார்கள். பிடியரிசியை மேரி சம்னர் கண்டிருப்பாளா என்ன?

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். விவாகரத்தான ஸ்திரீகளைத் தாய்மார் சங்கம் 1970-களில்தான் அங்கத்தினராக ஏற்கத் தொடங்கிற்று. துணை அதிகமாகத் தேவைப்பட்டவளே வெளியே நின்றாள். நம் பக்கத்தில் ஜாதி வேறு. சபைக்குள் ஜாதி வேற்றுமை அடியோடு ஒழிய வேண்டும் என்று கல்கத்தா பிஷப்பாயிருந்த டேனியல் வில்ஸன் 1833-ல் கடிதம் எழுதினார். அதற்குத் தமிழ்ச் சபைகளில் பலத்த எதிர்ப்பு எழுந்தது. கடிதத்தால் ஒழிந்ததா? இரண்டு நூற்றாண்டு ஆகப் போகிறது. இன்னும் முழுதும் ஒழியவில்லை. இதைப் பற்றி அந்தப் பாட்டியிடம் கேட்டேன்.

"எங்க அம்மா காலத்துல எங்க ஊர்க் கோயில்ல பாய் ரெண்டும்மா" என்றாள் பாட்டி. "அவங்களுக்கு ஒண்ணு, எங்களுக்கு ஒண்ணு. ஆனா தவழற பிள்ளைக்கு எந்தப் பாய்னு தெரியுமா? அது பாட்டுக்குப் போயிடும். தூக்கப் போனவ அங்கேயே உக்காந்து நாலு வார்த்தை பேசுவா. அப்படியே பாய் ஒண்ணாப் போச்சு."

எல்லா ஊரிலும் பாய் அவ்வளவு சுலபமாக ஒன்றாகிவிடவில்லை என்பது பாட்டிக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருந்தாலும் பிஷப்பின் கடிதம் தோற்ற இடத்தில் குழந்தையின் முழங்கால் ஜெயித்தது என்று கேட்கும்போது மனத்துக்கு இதமாயிருந்தது. யார், என்ன ஜாதி என்று விசாரித்துவிட்டு உதவிக்கு வருகிறவள் விருந்தாளியாயிருக்கலாம், தாயாக மாட்டாள். தாயுமானவர் குலம் கோத்திரம் கேட்டுவிட்டா கதவைத் தட்டினார்?

இதையெல்லாம் கிறிஸ்தவர்களிடம் போய்த்தான் கற்றுக்கொள்ள வேண்டுமா என்று நேயர்கள் கேட்பீர்கள். வேண்டியதில்லை. மார்கழி விடியலில் வீடு வீடாகப் போய்த் தோழிகளை எழுப்பி, எல்லோரையும் சேர்த்துக்கொண்டு போவதுதானே ஆண்டாளின் திருப்பாவை? தனியாகப் போய்ப் பலன் அடைவதை அவள் விரும்பவில்லை. ஸ்ரீரங்கத்து வீதிகளில் பஜனை கோஷ்டிகளுக்கும் திருப்பாவை கோஷ்டிகளுக்கும் குறைவில்லை. பத்துப் பேர் கூடும் அந்தக் கோஷ்டி, பிள்ளை பெற்ற வீட்டுக்கு முறை வைத்துப் போனால் பகவான் வேண்டாமென்றா சொல்லப் போகிறார்?

இக்காலத்தில் அம்மாவை அக்கரையில் நிறுத்திவைக்கக் காவேரி வெள்ளம் தேவையில்லை. ஒருத்தியின் தாய் படுக்கையில் இருக்கிறாள். இன்னொருத்தியின் தாய் உத்தியோகத்தில். மற்றொருத்தியின் தாய் கடலுக்கு அப்பால் மூத்த பெண்ணின் வீட்டில். ஒருத்திக்குத் தாயே இல்லை. இக்கரையில் இருப்பவர்கள் நாம்தான்.

எங்கள் தெருவில் மூன்றாவது வீட்டில் ஒரு பெண்ணுக்குக் குழந்தை பிறந்து பதினைந்து நாளாகிறது. போன ஞாயிற்றுக்கிழமை போய்க் கதவைத் தட்டினேன். குழந்தையை நான் வாங்கிக்கொண்டேன். அவள் இரண்டு மணி நேரம் தூங்கினாள். அங்கேயும் பூண்டு இருந்தது, உரித்து வைத்தேன். யோசனை ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு தடவை நாக்கு நுனி வரைக்கும் வந்தது, அடக்கிக்கொண்டேன்.