முடிவுரையில் தொடங்கும் ஆய்வு

கடாரத்தைப் பற்றி ஆய்வேடு எழுதப் புகும் மாணவர் பலர் முடிவுரையை முதலில் உறுதிசெய்துகொண்டு, அதற்கேற்பவே இயல்களை வகுக்கின்றனர். 1025ஆம் ஆண்டில் இராசேந்திர சோழன் கடாரத்தின்மீது படையெடுத்தான். ஆகவே பூஜாங் பள்ளத்தாக்கின் சிதைவுகள் யாவும் சோழர் கட்டியவை என்பது அம்முடிவு. புக்கிட் மெரியத்தில் கிடைத்த பௌத்தக் கல்வெட்டோ அப்படையெடுப்புக்குச் சில நூற்றாண்டுகள் முந்தியது. அதற்கு எந்த இயலில் இடம்?

ஐயம் எழுப்பினால் தமிழர் பெருமை குறையும் என்பர் சிலர். 2013ஆம் ஆண்டில் பதினோராம் சண்டி இடிக்கப்பட்ட செய்தி வெளிப்பட்டதே, அப்பெருமையுரைகள் அதனைக் காத்தனவா? காக்க வேண்டுவோர்க்குத் தேவை அளவும் படமும் ஆண்டும் குறித்த ஆவணமே.

ஆதலின் ஆய்வுத் திட்டம் ஒரு வினாவில் தொடங்குக. அவ்வினாவைச் சான்றுகளால் விடைகாணக்கூடிய அளவுக்குச் சுருக்குக. துணைச் சான்றுக்கு ஓர் இயல் தந்தால் எதிர்ச் சான்றுக்கும் ஓர் இயல் தருக. முடிவுரைப் பக்கம் இறுதிவரை வெறுமையாய் இருக்கட்டும்.

பண்டைக் கடாரம் மட்டுமே பொருளாதல் வேண்டா. பீடோங் வட்டாரத் தோட்டங்களில் 1947ஆம் ஆண்டு நிகழ்ந்த தொழிலாளர் போராட்டமும் ஆய்வுக்குரியதே. அதனைக் கண்டவர் அருகிவிட்டனர். கல் காத்திருக்கலாம், முதியோர் நினைவு காத்திராது. அவர்களை நாடிச் செல்லும் மாணவன் விடையோடு செல்லலாகாது. வினாவோடு செல்லுதல் வேண்டும்.