‘ஆளில்லாத் தீவு’ என்னும் பொய்

மட்டாஞ்சேரியையும் ஃபோர்ட் கொச்சியையும் விளம்பரப்படுத்தும் சுற்றுலாப் பிரசுரங்களின் அட்டையில் பெரும்பாலும் ஒரே படம்தான்: அந்திச் சூரியன், அதன் குறுக்கே சீனவலையின் கரிய கோடுகள். அந்தப் படத்தில் மீன் இருப்பதில்லை. வலையை இறக்கி ஏற்றுபவர்கள் தென்பட்டாலும் முகமற்ற நிழலுருக்களாகவே தென்படுவார்கள். இதை ஒளிப்படக் கலையின் ரசனை என்று சொல்லிக் கடந்துபோக முடியாது. மீனவர் முதலில் நிழலாகிறார். பிறகு அந்த நிழலும் அகற்றப்பட்டு, அவர் நின்ற இடம் ‘ஆளில்லாத’ இடம் என்று அரசுக் கோப்பில் ஏறுகிறது. அந்த வெற்றிடத்தில் விடுமுறை விடுதி எழுகிறது. மூன்றும் ஒரே நிகழ்வின் படிகள்.

சுற்றுலாவியல் கருத்தரங்குகளில் புழங்கும் வாதம் இதற்கு நேர் எதிரானது. மீன்பிடித்தொழில் இயற்கையிலிருந்து எடுக்கிறது, சுற்றுலா வெறுமனே பார்க்கிறது. ஆகவே முன்னதிலிருந்து பின்னதற்கு மாறுவதே சூழலுக்கும் மீனவருக்கும் நன்மை என்பது அந்த வாதம். பார்ப்பவர் எதையும் எடுப்பதில்லை என்ற முற்கோள் அங்கு சோதிக்கப்படுவதே இல்லை. பார்ப்பதற்கு இடம் வேண்டும். கொச்சிக் காயலிலோ இலட்சத்தீவின் களப்புகளிலோ ஏற்கெனவே ஒருவர் தொழில் செய்யாத இடம் என்று ஒன்று அரிது.

முதலில் சீனவலையை எடுத்துக்கொள்ளலாம். அதைச் செங் ஹெயின் கப்பற்படை கொண்டுவந்தது என்போர் உண்டு. மக்காவிலிருந்து போர்த்துக்கீசியர் கொண்டுவந்தனர் என்போரும் உண்டு. வழிகாட்டிகள் முதற்கதையையே விரும்புகிறார்கள். வலையின் இயக்கம் கதையைவிடச் சுவையானது. ஏறத்தாழ பத்து மீட்டர் உயரச் சட்டகம். தேக்கும் மூங்கிலும் கொண்டு கட்டிய கைகள். எதிர்ப்பக்கம் கயிறுகளில் தொங்கும் எடைக்கற்கள். ஒருவர் நடுமரத்தின்மீது நடந்தால் வலை நீரில் இறங்கும். சில நிமிடங்கள் கழித்து நான்கைந்து பேர் கயிற்றை இழுத்தால் எழும். ஓதத்தின் போக்கு அறிந்து, இறக்கும் நேரம் அறிந்து செய்ய வேண்டிய வேலை. மீனைத் துரத்திச் செல்லாமல், வருவதை மட்டும் எடுக்கும் வலை அது. விசைப்படகின் இழுவலையோடு அதை ஒப்பிடுவதே பிழை. கப்பற்கால்வாயின் ஓயாத தூர்வாரலும், காயல்வழி மிதந்துவரும் ஆகாயத்தாமரையும், நெகிழிக் கழிவும் சேர்ந்து அதன் வரவைக் குறைத்தன. குறைந்த வருவாயை ஈடுசெய்யப் பயணிகளுக்குக் கயிறு இழுக்கும் ‘அனுபவம்’ தரப்படுகிறது; அவர்கள் இழுத்துச் சிரித்துப் படமெடுத்துக்கொண்டு சில்லறை கொடுத்துச் செல்கிறார்கள். வைப்பினிலும் வேம்பநாட்டுக் காயலோரங்களிலும் நிற்கும் சீனவலைகளை யாரும் பாரம்பரியம் என்று அழைப்பதில்லை. அங்கு அந்திச் சூரியன் சரியான கோணத்தில் விழுவதில்லை போலும்.

தமிழுக்கு இவ்விடத்தில் சொல்ல ஒன்று உண்டு. நெய்தல் பாடல்கள் பரதவர் கடலுக்குச் செல்வதை ‘வேட்டம்’ என்றே குறிக்கின்றன. குறிஞ்சியின் கானவருக்கும் நெய்தலின் பரதவருக்கும் ஒரே சொல். இரண்டும் பிழைப்பு, இரண்டிலும் உயிர் போகும் ஆபத்து உண்டு. வேட்டையும் மீன்பிடிப்பும் பொழுதுபோக்காக மாறி, பிழைப்புக்குச் செய்பவர் குற்றவாளியாக மாறியது காலனிய ஆட்சியில்தான். அதன் சட்டவடிவம் சென்னை மாகாணத்திலேயே கிடைக்கிறது: 1879ஆம் ஆண்டின் நீலகிரி வேட்டைவிலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம். தலைப்பிலேயே விலங்கும் மீனும் அருகருகே நிற்கின்றன. துரைமார் துப்பாக்கியோடும் தூண்டிலோடும் விடுமுறையைக் கழிக்க விலங்கும் மீனும் மிஞ்சியிருக்க வேண்டும் என்பதே அந்தப் பாதுகாப்பின் முதன்மைப் பொருள். அதற்கு ஆறு ஆண்டுகள் முன்பு, 1873இல், சென்னை மாகாணக் குடிமைப்பணி அதிகாரி ஹென்றி சல்லிவன் தாமஸ் இந்தியத் தூண்டில்மீன்பிடி பற்றி வெளியிட்ட நூல் அக்கால வெள்ளையர் இல்லங்களில் பெரிதும் விரும்பப்பட்டது. ஒரே ஆற்றில் தூண்டில் போடுபவர் விளையாட்டு வீரர். குடும்பத்துக்காக மீன்பிடிப்பவர் வளத்தை அழிப்பவர். இந்தப் பிரிவினை 1947இல் கப்பலேறிப் போகவில்லை. பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு சுற்றுலாக் கொள்கைக்குள் குடியேறியது.

மட்டாஞ்சேரியில் அதன் தடங்கள் வெளிப்படையானவை. 1953 செப்டம்பர் 15 அன்று, சாப்பா முறைக்கு எதிராகப் போராடிய துறைமுகத் தொழிலாளர்கள்மீது காவல்துறை இங்கே சுட்டது; மூவர் இறந்தனர். உலோக வில்லைகளைக் கூட்டத்தின் நடுவே வீசியெறிவார்கள். அடித்துப்பிடித்து ஒன்றை எடுத்தவருக்கே அன்றைய வேலை. அதுவே சாப்பா. அந்த உழைப்பைக் கொண்டு இயங்கிய பண்டகசாலைகள் பல இன்று காப்பிக்கடைகளாகவும் பழம்பொருள் அங்காடிகளாகவும் கலைக்கூடங்களாகவும் இருக்கின்றன. ஃபோர்ட் கொச்சியின் வெளியில், தலைமுறைகளாகத் தமிழ் பேசும் வண்ணார் சமூகத்தினர் துணி வெளுக்கும் பொதுத் துறையும் பயணநிரலில் ஓர் ‘இடம்’. அங்கும் காமிராவுடன் வருவோர் அதிகம், துணியுடன் வருவோர் குறைவு. உழைப்பு நிகழும்போது அதைப் பார்க்க எவரும் கட்டணம் கொடுத்து வந்ததில்லை. அது நலியத் தொடங்கிய பிறகே காட்சியாகிறது.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. மட்டாஞ்சேரிக்குத் தெற்கே கும்பளங்கி ஒரு முன்மாதிரிச் சுற்றுலாக் கிராமமாக வளர்க்கப்பட்டது. அங்கே வீட்டுத் தங்கல்களை நடத்துவோர் பலர் உள்ளூர்க்காரர்களே. நண்டு வளர்ப்பையும் வலைவீச்சையும் விருந்தினருக்குக் காட்டி வருவாய் பெறுகிறார்கள். இது உண்மை, இதை ஏளனம் செய்வது வசதியான நகரவாசியின் வேலை. ஆனால் கும்பளங்கி எதனால் ஓரளவு நிற்கிறது? வீடும் தோடும் பொக்காளி வயலும் அங்கு வாழ்பவர் கையில் இருப்பதனால். விருந்தினர் வந்து போகிறவர். நீரும் நிலமும் கைமாறவில்லை. சிக்கல் விருந்தோம்பலில் இல்லை, உடைமையில் இருக்கிறது. உடைமை கைமாறியபோது நடந்தது என்ன என்பதற்குச் சான்று, அதே காயலில் இன்னும் தெற்கே நெடியதுருத்தில் உள்ளது.

துருத்தி என்றால் தமிழில் ஆற்றிடைக்குறை. பூந்துருத்தி என்ற ஊர்ப்பெயர் அறிந்தவருக்கு மலையாளத்தின் ‘துருத்து’ அந்நியமன்று. ஆலப்புழை மாவட்டம் பாணாவள்ளி ஊராட்சியில், வேம்பநாட்டுக் காயலின் நடுவே அமைந்த நெடியதுருத்தில் கபிகோ என்ற நிறுவனம் 54 வில்லாக்களைக் கட்டியது. தீவைச் சுற்றிய நீரில் உள்ளூர் மீனவர்கள் ஊன்றுவலை கட்டிவந்தார்கள். காயல்தரையில் கழிகளை நட்டு, வற்றும் ஓதத்தின் எதிரே வலையைக் கட்டி, வெளியேறும் நீரோடு வரும் இறாலைப் பிடிக்கும் முறை அது. ஓதம் ஓடும் வழி மாறினால் வலைக்கு வேலை இல்லை. ஆகவே ஊன்றுவலைக்கு இடம்தான் எல்லாம். வலையிட்ட இடங்களை இழந்த மீனவர்கள் நீதிமன்றப் படி ஏறினார்கள். கேரள உயர் நீதிமன்றம் 2013 ஜூலையில் கட்டடங்களை இடிக்கச் சொன்னது. உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரி 10 அன்று அதை உறுதிசெய்தது. மறுநாளும் அதற்கடுத்த நாளும் மரடு அடுக்குமாடிகள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. நாட்டின் காமிராக்கள் அனைத்தும் அங்கே திரும்பியிருந்தன. நெடியதுருத்துத் தீர்ப்பு பலருக்குத் தெரியாமலே போனதில் வியப்பில்லை. தகர்ப்பும் ஒரு காட்சிதானே. தீர்ப்பு செயலுக்கு வர மேலும் இரண்டரை ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. இடிப்பு தொடங்கியது 2022 செப்டம்பர் 15 அன்று.

இதைச் சூழலியலின் வெற்றி என்று எழுதினார்கள். வெற்றிதான். ஆயினும் அந்த வெற்றி எதன்மீது நின்றது என்பதை ஆய்வாளர்கள் ஊன்றிப் படிக்க வேண்டும். இடிப்புக்கு அடிப்படையாக அமைந்தது கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை. 2011இன் அறிவிக்கை வேம்பநாட்டை மிகவும் பாதிப்புக்குள்ளாகும் கரையோரப் பகுதிகளுள் ஒன்றாக வகைப்படுத்தியிருந்தது. அதாவது சட்டத்தின் காதில் விழுந்தது காயலின் குரல். அந்தக் காயலில் கழி நட்டு நின்றவர்களின் உரிமை, கட்டடத்தை வீழ்த்திய காரணமாக அமையவில்லை. விதி மாறினால் காயலின் குரலும் மங்கும். உண்மையில் மாறியும் விட்டது: கேரளத்தின் காயல்தீவுகளில் 2011இல் 50 மீட்டராக இருந்த கட்டுமானத் தடைப் பட்டையை 2019இன் அறிவிக்கை 20 மீட்டராகச் சுருக்கியது. அடுத்த நெடியதுருத்துக்கு வழக்கு தொடுக்கும் மீனவர்களுக்கு இந்த 30 மீட்டர் இருக்காது.

அடுத்த நெடியதுருத்து காயலில்தான் வரவேண்டும் என்பதும் இல்லை. கொச்சியின் வெல்லிங்டன் தீவிலிருந்து கப்பலேறினால் இலட்சத்தீவு. அத்தீவுகளின் வழக்குகளை விசாரிப்பதும் கொச்சியில் இருக்கும் உயர் நீதிமன்றமே. ஆகையால் இதைத் தொலைதூரச் செய்தி என்று கொச்சி ஒதுக்கிவிட இயலாது. இலட்சத்தீவில் பத்துத் தீவுகளில் மட்டுமே மக்கள் குடியிருக்கிறார்கள்; எஞ்சியவை மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஆளில்லாதவை. அவற்றுள் ஒன்று சுஹேலி. கவரத்தி, அகத்தி மீனவர்கள் பருவந்தோறும் அங்கு வந்து தங்கிச் சூரை பிடிப்பார்கள். பிடித்ததை வேகவைத்துப் புகையூட்டி வெயிலில் உலர்த்தி மாசியாக்குவார்கள். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் மாசிச் சம்பல் உண்டவர்கள் அந்தக் கரைகளுக்கு அந்நியர் அல்லர். ஒரு பருவத்துக்கு வாழும் மனிதரைக் கணக்கெடுப்பு அறியாது. அதிகாரி வரும் நாளில் குடும்பத்துடன் வீட்டில் இருப்பவரையே அது அறியும்.

2023 ஜனவரியில், சுஹேலியிலும் கட்மத்திலும் இரு தாஜ் விடுதிகள் அமையும் என்று இந்தியன் ஹோட்டல்ஸ் நிறுவனம் அறிவித்தது. இரண்டிலும் தலா 110 அறைகள். சுஹேலியில் அவற்றுள் 60 கரையில், 50 நீரின்மேல். இந்த ‘நீரின்மேல்’ என்ற சொல்லில் தங்க வேண்டும். இலட்சத்தீவுச் சூரை மீன்பிடிப்பு தூண்டிற்கழி முறையில் நடப்பது. வலை கிடையாது, ஒரு கழிக்கு ஒரு மீன். உலகில் மிகக் குறைவாகச் சேதம் விளைவிக்கும் மீன்பிடி முறைகளுள் ஒன்றென்று அதைச் சொல்வதில் அறிவியலாளரிடையே பெரிய கருத்துவேறுபாடு இல்லை. அந்த முறைக்கு உயிருள்ள சிறுமீன்கள் இரையாக வேண்டும். அவற்றைக் கடலில் தூவினால்தான் சூரைக்கூட்டம் படகருகே வரும். அந்தச் சிறுமீன்கள் கிடைப்பது பவளத்திட்டு சூழ்ந்த களப்பின் ஆழமற்ற நீரில். நீர்மேல் வில்லாக்களின் தூண்கள் ஊன்றப்படுவதும் களப்பில்தான். இரை பிடிக்கும் இடம் போனால் வெளிக்கடலில் சூரை எவ்வளவு இருந்தும் பயனில்லை. மீன்பிடிப்பு எடுக்கிறது, சுற்றுலா பார்க்கிறது என்ற கருத்தரங்க வாதத்தை இந்தக் களப்பில் நிறுத்திக் கேட்க வேண்டும்: எடுப்பது யார்?

இதே தீவுக்கூட்டத்தில் 2021இல், கரையில் மீனவர்கள் படகும் கருவியும் வைத்திருந்த கொட்டகைகள் கடற்கரை விதிகளுக்கு முரணானவை என்று இடிக்கப்பட்டன. ஓலைக்கொட்டகை கரைக்கு ஆபத்து. நீருக்குள் தூணிறக்கும் வில்லா வளர்ச்சி. நீலகிரிச் சட்டத்தை எழுதியவர்களுக்கு இந்தத் தர்க்கம் நன்றாகவே புரிந்திருக்கும்.

விடுமுறைக்கென்றே படைக்கப்பட்டவை என்று விற்கப்படும் கரீபியன் தீவுகளும் இதற்கு விலக்கல்ல. பார்புடாவை 1685 முதல் கோட்ரிங்டன் குடும்பம் குத்தகையில் வைத்திருந்தது. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் பின்னர் அத்தீவைப் பொதுநிலமாகவே நடத்தினார்கள். கட்டற்ற புதர்நிலத்தில் வேட்டையாடினார்கள், களப்பில் மீனும் சிங்கிறாலும் பிடித்தார்கள். 2007இன் நிலச்சட்டம் அந்தப் பொதுவுடைமையை எழுத்தில் ஏற்றது. 2017 செப்டம்பர் 6 அன்று இர்மா புயல் தாக்கிய பிறகு தீவின் மக்கள் முழுவதுமாக ஆன்டிகுவாவுக்கு அப்புறப்படுத்தப்பட்டார்கள். அவர்கள் வெளியே இருந்த காலத்திலேயே நிலச்சட்டத்தைத் திருத்தும் வேலையும் தொடங்கியது. இன்று செல்வந்தர்களின் விடுதிக் குடியிருப்புகள் அங்கு எழுகின்றன. பார்புடாவில் ஆளில்லாமையை உண்டாக்க ஒரு புயல் தேவைப்பட்டது. சுஹேலியில் கணக்கெடுப்புப் படிவத்தின் ஒரு கட்டமே போதுமானதாக இருந்தது.

கொச்சியைச் சுற்றிய பல்கலைக்கழகங்களிலும் தமிழகத்தின் சுற்றுலா, மீன்வளத் துறைகளிலும் இவ்விடங்கள் குறித்து ஆய்வேடுகள் எழுதப்படுகின்றன. பயணியின் மனநிறைவை ஐந்து புள்ளி அளவுகோலில் அளக்கும் வினாப்பட்டியல்கள் அவற்றில் ஏராளம். எந்த மாதத்தில் எந்தத் தீவின் எந்தக் கரையில் எந்த ஊர் மீனவர் தங்குகிறார், எந்தக் களப்பில் இரைமீன் பிடிக்கப்படுகிறது, காயலின் எந்த ஓதவழியில் யாருடைய ஊன்றுவலை நின்றது என்ற வரைபடம்தான் இல்லை. சுஹேலியின் தூண்கள் பற்றிய வழக்கு என்றேனும் கொச்சி நீதிமன்றத்துக்கு வந்தால் முதலில் கேட்கப்படும் ஆவணம் அதுவே. அதைத் தயாரிக்கக் கவரத்திக்கும் அகத்திக்கும் போய் வயதான மீகாமர்களிடம் உட்கார வேண்டும்; ஒரு மீன்பிடிப் பருவம் முழுக்க உட்கார வேண்டும்.